படிக்கட்டில் சிக்கிய பிளான்: வீட்டு வரைபடம் கற்பவர் ஒருவரின் முதல் முழுத் தொகுப்பு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இரண்டு தளங்கள் கொண்ட ஒரு வீட்டின் வரைபடம். வெளி அளவு 8 மீட்டருக்கு 11 மீட்டர். செங்கல் சுவர், கான்கிரீட் தளம், சாதாரணமான குடும்ப வீடு. வரைந்தவர் கட்டடப் படவரைவைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்தார். மென்பொருளில் கை நன்றாகவே ஓடியது. லேயர், பிளாக், ஹேட்ச் போன்ற மென்பொருள் வசதிகள் எல்லாம் தெரியும். பயிற்சிப் படங்களைப் பார்த்து அப்படியே வரைவதில் பிழை விடமாட்டார். யாருடைய படத்தையும் பார்க்காமல் தாமே யோசித்து வரைந்த முதல் வீடு இது.

படம் பார்க்க அழகாக இருந்தது. கட்டில், சோபா, தரை ஓடு, தொட்டிச் செடி வரை இருந்தன. ஆனால் அதைக் கொண்டு வீடு கட்ட முடியாது. ஏன் முடியாது, எங்கே அது தெரியவந்தது, எப்படித் திருந்தியது என்பதை எழுதுகிறேன். பிளான் என்பது வீட்டை மேலிருந்து பார்க்கும் படம்; செக்‌ஷன் என்பது வீட்டை மேலிருந்து கீழாக அறுத்துப் பக்கவாட்டில் பார்க்கும் படம். பிளானையும் செக்‌ஷனையும் சேர்த்தே கற்க வேண்டும், ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்குப் போகக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு இந்த வீட்டைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

வந்த படம்

வீட்டின் நீளவாக்கில் மூன்று இடங்கள் வரிசையாக இருந்தன: கூடம் 4000 மி.மீ., படிக்கட்டு 2500, படுக்கையறை 3810. வெளிச் சுவர்கள் 230, உள்சுவர்கள் இரண்டும் 115. கூட்டினால் சரியாக 11,000 வரும். படிக்கட்டு இடத்தின் அகலம் 2000. நடுவில் லேண்டிங் என்னும் இடைத்தட்டில் திரும்பி ஏறும் வகை. ஒரு பக்கம் ஆறு டிரெட் (கால் வைக்கும் தட்டு), மறுபக்கம் ஆறு டிரெட், ஒவ்வொன்றும் 250. லேண்டிங் 1000. படுக்கையறையிலிருந்து ஒரு கதவு, லேண்டிங்கின் அடியில் ஒரு கழிவறை. வீணாகும் இடத்தைப் பயன்படுத்திக்கொண்டதாக அவருக்கு அந்தக் கழிவறை மேல் தனிப் பெருமை.

செக்‌ஷன் இல்லை. கேட்டபோது, பிளான் ஒப்புதலான பிறகு வரையலாம் என்று வைத்திருப்பதாகச் சொன்னார். புதிதாகக் கற்கிற பெரும்பாலானவர்கள் இதே வரிசையில்தான் போகிறார்கள். கற்றுக்கொடுக்கும் முறையும் அப்படித்தான் இருக்கிறது: முதலில் பிளான், அது முடிந்தபின் எலிவேஷன் (வெளிமுகப்புப் படம்), கடைசியில் நேரம் மிஞ்சினால் செக்‌ஷன்.

அச்செடுத்துப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது கோடுகள். எல்லாம் ஒரே கனம். சுவரும் சோபாவும் தரை ஓட்டின் கட்டமும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. திரையில் சுவருக்கு ஒரு நிறம், அறைகலனுக்கு ஒரு நிறம் என்று கொடுத்திருந்ததால் அவருக்கு அங்கே குழப்பமே தெரியவில்லை. தாளில் நிறம் இல்லை, கனம் மட்டுமே. ஐ.எஸ்.ஓ. தரத்தில் கோட்டுக் கனங்கள் 0.13, 0.18, 0.25, 0.35, 0.5, 0.7, 1.0 மி.மீ. என்று ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். ஏ1, ஏ2 தாள்களின் பக்க அளவும் இதே விகிதத்தில்தான் மாறுகிறது. அதனால் ஏ1 படத்தை ஏ2 தாளுக்குச் சுருக்கினால் 0.5 கோடு 0.35 ஆகி, வரிசையிலுள்ள இன்னொரு கனத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பேனாவால் வரைந்த காலத்தில் யோசித்து அமைத்த ஏற்பாடு, இன்றும் பயன்படுகிறது.

எது தடித்த கோடு, எது மெல்லிய கோடு என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பிளான் என்பது வீட்டைத் தரையிலிருந்து ஏறக்குறைய 1200 மி.மீ. உயரத்தில் கிடையாக அறுத்து, மேல் பகுதியை எடுத்துவிட்டு, மேலிருந்து பார்ப்பது. கத்தி அறுத்ததெல்லாம் தடித்த கோடு. அறுபடாமல் கீழே தெரிவதெல்லாம் மெல்லிய கோடு. கத்திக்கு மேலே இருப்பது, அதாவது பீம், சன்ஷேட், குளியலறையில் உயரமாக வைக்கும் வென்டிலேட்டர் போன்றவை, விட்டுவிட்டு வரையும் கோடு. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் எந்தப் பொருளுக்கும் கோடு தேர்ந்தெடுக்கலாம். சுவருக்கு 0.5, அறைகலனுக்கு 0.25, அளவுக் கோட்டுக்கு 0.18 என்று மாற்றி மீண்டும் அச்செடுத்ததும் வீடு தாளிலிருந்து எழுந்து வந்தது.

கத்தி படிக்கட்டில் விழுந்தபோது

விதியைப் புரிந்துகொண்டார். எல்லா இடத்திலும் சரிசெய்தார். படிக்கட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

தரைத்தளப் பிளானில் பன்னிரண்டு டிரெட்டும் முழுதாக வரையப்பட்டிருந்தன. முதல் தளத்திலும் அதே படம், நகல் எடுத்து ஒட்டியது. ஆனால் 1200 உயரத்தில் அறுத்தால் படிக்கட்டின் ஒரு பகுதி கத்திக்குக் கீழே, மறுபகுதி மேலே. தரைத்தளத்தில் சில படிகள்தான் முழுக்கோட்டில் தெரிய வேண்டும். அதற்குமேல், படி அங்கே அறுபடுவதைக் காட்டக் குறுக்கே ஒரு முறிவுக்கோடு. எத்தனையாவது படியில் அந்தக் கோடு என்று கேட்டேன். பதில் சொல்ல ஒரு படியின் உயரம் தெரிய வேண்டும். அதை அவர் எங்கும் முடிவு செய்திருக்கவில்லை.

கணக்குப் போட்டோம். தளத்திலிருந்து அடுத்த தளம் வரை 3150: அறையின் உள் உயரம் 3000, கான்கிரீட் தளம் 150. ஒரு பக்கம் ஆறு டிரெட் என்றால் ரைசர் (ஒரு படியின் ஏற்றம்) ஏழு, ஏனெனில் கடைசி ஏற்றம் லேண்டிங்கின் மேலேயே போய் நிற்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்து 14 ரைசர். 3150-ஐ 14-ஆல் வகுத்தால் 225 மி.மீ.

225 மி.மீ. ஏற்றம் என்றால் மூச்சு வாங்கும். இங்கிலாந்து விதிகள் தனிவீட்டுப் படிக்கு 220 வரை இடம் கொடுக்கின்றன. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றும் குடியிருப்பு விதித்தொகுப்பில் எல்லை ஏழே முக்கால் அங்குலம், ஏறக்குறைய 197. இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் குடியிருப்புக்கு 190. இவர் படி இந்த மூன்றையும் தாண்டிவிட்டது. 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பிரான்சுவா புளோண்டெல் சொன்ன கணக்கு ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: இரண்டு ரைசரும் ஒரு டிரெட்டும் சேர்ந்தால் ஒருவர் இயல்பாக எடுத்துவைக்கும் ஓரடிக்குச் சமமாக வர வேண்டும். இன்று அதை 600 முதல் 640 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறார்கள். இங்கே 225-உம் 225-உம் 250-உம் சேர்ந்து 700.

பிளானில் இதில் எதுவும் தெரியாது என்பதுதான் நான் வலியுறுத்த விரும்புவது. பன்னிரண்டு கோடுகளும் சமமான இடைவெளியில் ஒழுங்காக நிற்கின்றன. கோடுகளின் எண்ணிக்கையை உயரம்தான் தீர்மானிக்கிறது. உயரம் பிளானில் இல்லை. அனுபவமுள்ள கண் படிகளை எண்ணிப் பார்த்துச் சந்தேகப்படும். கற்பவருக்கு அந்தக் கண் இன்னும் வரவில்லை. அவருக்குத் துணையாக இருக்கக்கூடியது செக்‌ஷன் ஒன்றுதான்.

உடனே ஒரு செக்‌ஷன் வரையச் சொன்னேன். அழகு தேவையில்லை: இரண்டு தளக்கோடு, சுவர், படிக்கட்டு, அவ்வளவே. வரைந்ததும் ரைசரைவிடப் பெரிய சிக்கல் வெளியே வந்தது. லேண்டிங் 1575 உயரத்தில் இருக்கிறது. அதன் பலகை 150. அப்படியானால் அடியில் கிடைப்பது 1425. அங்கேதான் கழிவறை! அதற்கு வைத்த கதவின் உயரம் 2100. லேண்டிங் பலகை கதவின் மேல்பகுதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. படியின் எண்ணிக்கையை மாற்றியும் பயனில்லை. 3150-இல் பாதி எப்போதும் 1575தான். தரையை 300 தாழ்த்தினாலும் 1725. நடமாடும் இடத்தில் தலைக்கு மேல் குறைந்தது 2000, சில விதிகளில் 2200 கேட்கிறார்கள். கழிவறை அங்கே வராது.

அவர் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தாமாகவே அதைப் பொருள் வைக்கும் இடமாக மாற்றி, கழிவறையை மேல்தளக் குளியலறைக்கு நேர் கீழே, வெளிச் சுவரை ஒட்டிக் கொண்டுபோனார். குழாய்கள் ஒரே நேர்க்கோட்டில் இறங்கின. வென்டிலேட்டருக்கும் வெளிச்சுவர் கிடைத்தது. முதலிலேயே அங்கே இருந்திருக்க வேண்டியது அது.

ஐந்நூறு மில்லிமீட்டர் எங்கிருந்து வரும்?

இனி படிக்கட்டு. 18 ரைசர் வைத்தால் ஒன்று 175. டிரெட் 250-உடன் புளோண்டெல் கணக்கு 600, ஏற்கக்கூடியது. பக்கத்துக்கு ஒன்பது ரைசர், எட்டு டிரெட், 2000 மி.மீ. லேண்டிங் 1000. மொத்தம் 3000. கையில் இருப்பது 2500.

இந்த இடத்தில் கற்பவர்கள் தந்திரம் தேடுவார்கள். அவரும் தேடினார். ஒவ்வொன்றையும் போட்டுப் பார்க்க விட்டேன், ஏனெனில் ஒரு வழி ஏன் அடைபடுகிறது என்று தெரிந்துகொள்வதும் இந்தத் தொழிலின் பாதி. 17 ரைசர் வைத்தால் ஒன்று 185. ஆனால் ஒரு பக்கம் ஒன்பது, மறுபக்கம் எட்டு, நீண்ட பக்கத்துக்கு மறுபடியும் எட்டு டிரெட், அதே 2000. 16 ரைசர் வைத்தால் நீளம் 2750-ஆகக் குறையும், ஏற்றம் 197-ஐத் தொடும். தள உயரத்தை 300 குறைத்தால் 16 ரைசரில் ஏற்றம் 178 வரும். ஆனால் வீட்டுக்காரர் 3000 உள் உயரம் வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். லேண்டிங்கில் முக்கோணப் படிகள் வைத்துத் திருப்பினால் இடம் மிஞ்சும். உள்மூலையில் கால் வைக்க இடமிருக்காது. முதியவரும் குழந்தையும் ஏறும் வீட்டில் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆக 500 மி.மீ. அறைகளிலிருந்துதான் வர வேண்டும். அதைத் தேடப் போனபோது வேறொரு பள்ளம் தென்பட்டது. படிக்கட்டின் இரு முனைச் சுவர்களையும் பாரம் தாங்குவதற்காக இடையில் 115-இலிருந்து 230-ஆக மாற்றியிருந்தார். மாற்றம் சரியானதே. ஆனால் அறைகளின் உள் அளவு மாறக் கூடாதென்று சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளியதில் வீடு 11,230-ஆக வளர்ந்துவிட்டது. அளவுக் கோட்டில் தானாக வந்த அந்த எண்ணை அழித்துவிட்டு 11,000 என்று கையால் தட்டியிருந்தார்.

படவரைவில் இதைவிட ஆபத்தான பழக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. மென்பொருள் காட்டும் அளவு படத்தை அளந்து வருவது. அது தவறாகத் தோன்றினால் தவறு படத்தில் இருக்கிறது. எண்ணைத் தட்டிவிட்டால் படம் ஒன்று சொல்லும், எழுத்து ஒன்று சொல்லும், பார்ப்பவருக்கு இரண்டில் எது உண்மை என்று தெரியாது. அஸ்திவாரம் தோண்டும்போதுதான் வெளியே வரும். இதற்கு ஒரே காப்பு கூட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு பக்கத்திலும் துண்டு அளவுகளின் வரிசை ஒன்று, மொத்த அளவு ஒன்று. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். தாளில், கையால், எண்களை எழுதிக் கூட்டச் சொன்னேன்.

கூட்டினார். நான்கு சுவர்கள் 920, படிக்கட்டு 3000. 11,000-இல் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் மிஞ்சுவது 7080. முன்பு இரண்டும் சேர்ந்து 7810. ஆக 730 மி.மீ. விட்டுக்கொடுக்க வேண்டும். சரிசமமாகக் குறைக்கத்தான் முதலில் போனார். அறைக்குள் என்ன நிற்கப்போகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள் என்றேன். படுக்கையறையில் அந்தத் திசையில் கட்டிலின் நீளம் 2000, எதிரே அலமாரி 600, இடையில் நடந்துபோகவும் அலமாரிக் கதவைத் திறக்கவும் 700. ஆக 3300 போதும். மிச்சம் 3780 கூடத்துக்கு. படுக்கையறை 510-ஐ இழந்தது, கூடம் 220-ஐ மட்டும். இப்படிக் குறைத்ததற்கு அவரிடம் காரணம் இருந்தது. அவர் முதன்முதலாக எடுத்த வடிவமைப்பு முடிவு இதுதான் என்பேன்.

இருக்கிற வீட்டை அளத்தல்

இந்தக் கட்டத்தில் வீட்டுப் படத்தை ஒதுக்கிவைத்து, அவர் குடியிருக்கும் வீட்டை அளந்து பிளானும் செக்‌ஷனும் வரையச் சொன்னேன். பின்னோக்கிப் போவதாக அவருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் ஜன்னல் அடிமட்டம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலுள்ள உத்தரம்) உயரம், படியின் ஏற்றம் ஆகியவை உடம்பில் பதிய வேறு வழி இல்லை. தினமும் ஏறி இறங்கும் படி எத்தனை மி.மீ. என்று தெரிந்தவர் 225 என்ற எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார்.

அளக்கும்போது மூலைவிட்டத்தையும் எடுக்க வேண்டும். 3600-க்கு 4800 அறை என்றால் மூலையிலிருந்து எதிர்மூலைக்கு 6000 வர வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இல்லையென்றால் அறை கோணியிருக்கிறது. அவருடைய அறைகள் பலவும் கோணியிருந்தன. திரையில் 90 பாகை என்பது தட்டினால் வருவது. கட்டுமானத்தில் அது நூல் பிடித்து, அளந்து, சரிபார்த்துப் பெறுவது. இதை உணர்ந்த பிறகு அவர் அளவு எழுதும் முறையே மாறியது. தேவையற்ற துல்லியங்களை விட்டுவிட்டு, கட்டுபவர் உண்மையில் நூல் பிடிக்கும் இடங்களுக்கு அளவு கொடுக்கத் தொடங்கினார்.

திரும்பி வந்தபின் செக்‌ஷனைப் பிளானுக்கு நேர் மேலே வைத்து, கோடுகளை இழுத்து வரைந்தார். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காஸ்பார் மோன்ஜ் முறைப்படுத்திய விவரண வடிவியலின் அடிப்படையே இதுதான்: மேலிருந்து பார்த்த படமும் முன்னிருந்து பார்த்த படமும் இணைகோடுகளால் கட்டுண்டவை. டீ-ஸ்கொயர் என்னும் T வடிவ அளவுகோலைப் பிடித்து வரைந்த காலத்தில் இந்தக் கட்டு தானாகவே இருந்தது, ஒரே பலகையில் ஒன்றிலிருந்து மற்றதை இறக்க வேண்டியிருந்ததால். 1982-இல் ஆட்டோகேட் என்னும் படவரைவு மென்பொருள் வந்த பிறகு ஒவ்வொரு படமும் தனித்தனிக் கோப்பாகப் பிரிந்து போவது எளிதாயிற்று. 2000-இல் வெளியான ரெவிட் போன்ற மென்பொருள்களில் முப்பரிமாண மாதிரியிலிருந்து பிளானும் செக்‌ஷனும் தாமாகவே வருகின்றன. கட்டு மறுபடியும் கிடைத்துவிட்டது. ஆனால் அங்கே படிக்கட்டுக்கு ஒரு முன்னமைவு ரைசரை மென்பொருளே கொடுத்துவிடுகிறது. அது ஏன் அந்த எண் என்று கேட்கத் தெரிந்தவருக்கு அது உதவி. புதிதாகக் கற்பவர் ஒருமுறையாவது கோடு இழுத்து வரைந்துவிட்டு அங்கே போவது நல்லது.

தரைத்தளப் பிளானில் முறிவுக்கோடு இப்போது தன் இடத்தைத் தானே சொன்னது: ஆறு படி ஏறினால் 1050, ஏழு ஏறினால் 1225; 1200-இல் கத்தி இரண்டுக்கும் நடுவே விழுகிறது.

கொத்தனாரின் கேள்வி

திருத்திய பிளானை அனுபவமுள்ள கொத்தனார் ஒருவரிடம் கொடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல் வாசிக்கச் சொன்னோம். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த அளவு சுவர் முகத்திலிருந்தா, நடுவிலிருந்தா? பூச்சுக்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேட்டார்.

படத்தில் பதில் இல்லை. அஸ்திவாரத்துக்குக் கட்டை நட்டு நூல் பிடிப்பது சுவரின் மையக்கோட்டை வைத்து. சுவர் எழுப்புவது முகத்தை வைத்து. பூச்சு பக்கத்துக்கு ஏறக்குறைய 12 முதல் 15 மி.மீ. சேர்ந்துகொள்ளும். 3300 என்று எழுதிய படுக்கையறை பூசி முடித்தபின் 3270 சுமார்; அலமாரிக்கு முன்னால் 700 என்று எண்ணியது 670. அதுவும் போதும், ஆனால் தெரிந்து போதும் என்பது வேறு. "எல்லா அளவும் பூச்சுக்கு முந்தைய சுவர் முகத்திலிருந்து" என்று ஒரு வரி ஒவ்வொரு தாளிலும் ஏறியது. அஸ்திவாரத்துக்கு மையக்கோட்டுப் படம் தனியாக வந்தது. எழுத்து சிறியதென்றும் கொத்தனார் குறைப்பட்டார், தாளில் 2.5 மி.மீ. உயரம் வரும்படி, 1:50 படத்தில் எழுத்தை 125-ஆக வைத்ததும் அது தீர்ந்தது.

லேண்டிங் ஜன்னல்

எலிவேஷன் கடைசியாக வந்தது. படிக்கட்டுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் லேண்டிங்கை ஒட்டிய வெளிச்சுவரில் ஒரு ஜன்னலை பிளானில் போட்டிருந்தார். லேண்டிங்கிலிருந்து 900 உயரத்தில் அடிமட்டம்: தரையிலிருந்து 2475. எலிவேஷனில் வைப்பதற்கு முன்பு, யாரும் சொல்லாமலே, செக்‌ஷனில் அந்த உயரத்தைக் குறித்துப் பார்த்தார். முதல் தள மட்டத்தில் வெளிச்சுவர் முழுவதும் ஓடும் சுற்று பீம் 300 ஆழம். அதன் அடி 2850-இல் இருக்கிறது. ஜன்னலுக்குக் கிடைத்தது 375 மட்டுமே.

என்னிடம் வந்தபோது இரண்டு வழிகளையும் வரைந்தே கொண்டுவந்தார். ஒன்று, ஜன்னலை மேலே ஏற்றி அதன் தலையை முதல் தள லிண்டலுடன், அதாவது 5250-இல், ஒரே கோட்டில் நிறுத்துவது. வெளியிலிருந்து பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் 1200 உயர ஜன்னலின் அடிமட்டம் லேண்டிங்கிலிருந்து 2475 போய்விடும், கொக்கியைத் திறக்க ஏணி வேண்டும். மற்றது, பீமின் தலையிலேயே, 3150-இல், அடிமட்டத்தை வைத்து 900 உயர ஜன்னல். லேண்டிங்கில் நின்றால் அடிமட்டம் 1575, கை எட்டும், ஆனால் முகப்பில் லிண்டல் கோடு அந்த ஓரிடத்தில் உடையும்.

இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருந்தார். நானும் அதையே தேர்ந்தெடுத்திருப்பேன். உடைகிற கோட்டை மறைக்க முயலாமல், அந்த ஜன்னலுக்குத் தனி சன்ஷேட் ஒன்றை 4050-இல் கொடுத்து, அதைத் தரைத்தளப் பிளானில் விட்டு, முதல் தளப் பிளானில் மட்டும் காட்டினார். முதல் தளத் தரையிலிருந்து ஜன்னல் அடிமட்டம் பூஜ்யம், சன்ஷேட் 900. கத்தி 1200-இல் போவதால் சுவருக்கு வெளியே நீளும் சன்ஷேட் அங்கே கீழே தெரிவது, எனவே முழுக்கோடு, மெல்லிய கனம்.